தேயாத ரப்பர்

அன்று காலை பதினோரு மணிக்குத் துப்பறிவாளர் தராசுவின் மேசைமேல் இரண்டு ஜோடி ஷூக்களும் ஒரு சின்ன ரப்பர் மூடியும் இருந்தன. கீழே ஒரு பேப்பராவது விரிக்கலாம் என்று உதவியாளர் சில்லறை சொன்னாள். அவர் காதில் வாங்கவில்லை.

“கால் வராம ஷூ மட்டும் வந்து உக்காந்தா நல்லதில்ல சார்,” என்றாள்.

“காலும் வரும். நீ உக்காரு.”

தராசு இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அடுத்தவர் நஷ்டத்தை எடைபோட்டவர். எந்தத் தட்டு இறங்கினாலும் முகம் மாறாது. பெயர் அப்படி வந்தது. சில்லறை ஆறு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தாள். டிக்கெட் கொடுக்க மெஷின் வந்தபோது வேலை போனது. வாய் போகவில்லை.

எதிர் நாற்காலியின் நுனியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் ஷூ கம்பெனியின் அடையாள அட்டை. வலது கட்டைவிரல் கறுத்துப்போயிருந்தது. ஆள்காட்டி விரலில் சாக்பீஸ் தூள்.

“பதினாறு வருஷமா சோல் பாக்கறேன் சார். ஒரு நாளைக்கு எண்ணூறு ஜோடி. ஒட்டு விட்டிருக்கா, ஓரம் பிசிறா இருக்கான்னு பாத்து, சரியா இருந்தா ஒரு கோடு போட்டு அனுப்பணும். பழசாகித் திரும்பி வர்ற ஷூவும் என்கிட்டதான் வரும். அதைப் பாத்தா போட்டவங்க எப்படி நடப்பாங்கன்னு சொல்லிடுவேன்.”

சில்லறை தன் செருப்பைக் கழற்றி நீட்டினாள். “இது எப்படி நடக்குது, சொல்லுங்கக்கா.”

அந்தப் பெண் ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். “ரொம்ப வருஷம் ஆடற எடத்துல நின்னுக்கிட்டே வேலை பாத்திருக்கீங்க. இடது தோள்ல ஏதோ கனமா மாட்டியிருந்தீங்க.”

சில்லறை செருப்பைத் திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டாள். “சார், இவங்க இங்கயே இருக்கட்டும். நாம ரெண்டு பேரும் ஷூ கம்பெனிக்குப் போயிடலாம்.”

தராசு ரப்பர் மூடியை எடுத்தார். ஊன்றுகோலின் அடியில் மாட்டும் மூடி. அடிப்பக்கத்தில் வட்ட வட்டமாகப் பள்ளங்கள். புதிதாகக் கடையிலிருந்து வந்ததுபோல் இருந்தன.

“எங்க வீட்டுக்காரரோடது,” என்றாள் அவள். “ஃபுட்பால் ஆடறவர். சுவர்னு கூப்பிடுவாங்க.”

அந்தப் பெயர் தராசுவுக்கே தெரிந்திருந்தது. ஊரின் பெரிய அணியில் தடுப்பாட்டக்காரர். பதினோரு வருஷமாக அவரைத் தாண்டிப் பந்து போவதில்லை. ஐந்து மாதத்துக்கு முன் இடது முட்டியின் ஜவ்வு கிழிந்தது, இந்த சீசன் முழுக்க ஆட முடியாது என்று அணி அறிவித்திருந்தது.

“தினம் மத்தியானம் கட்டையை ஊன்றிக்கிட்டு வைத்தியத்துக்குப் போறார். அஞ்சு மாசம். கட்டை வாங்கினப்போ கூடவே ஒரு ஸ்பேர் ரப்பர் கொடுத்தாங்க. நேத்து இதைக் கழட்டி எடுத்துக்கிட்டு அதை மாட்டி வச்சேன். அவருக்கு வித்தியாசம் தெரியல. ஏன்னா வித்தியாசமே இல்ல.”

தராசு முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஷூவைப் பாருங்க. இது அவரோடது. வாங்கி மூணு மாசம்தான் ஆச்சு, ரெண்டும் ஒரே மாதிரி தேஞ்சிருக்கு. முட்டி போனவன் ஷூ இப்படித் தேயாது சார். ஓடறவன் ஷூதான் தேயும்.”

“இந்த இன்னொரு ஜோடி?”

“என் தம்பியோடது. அதே டீம்லதான் இருக்கான், ரெண்டு வருஷமா. சோல் மாத்த என்கிட்ட கொடுத்தான். நல்ல கால் எப்படித் தேயும்னு நீங்க ஒப்பிட்டுப் பாக்கணுமேன்னு கொண்டு வந்தேன்.”

தராசு தம்பியின் ஷூக்களைக் கவிழ்த்தார். வலது அடி வழுக்கையாகியிருந்தது. இடது அடி பாதிகூடத் தேயவில்லை.

“இது ஒரே மாதிரி இல்லியேம்மா.”

அவள் முகத்தில் அன்று முதலும் கடைசியுமாக ஒரு பெருமை வந்தது. “அவனை நொட்டாங்கால்னுதான் கூப்பிடுவாங்க. இடது காலால அடிக்கறவன். அடிக்கறப்போ வலது காலைத்தானே ஊன்றணும்? அதான் வலது தேயுது.”

தராசு தலையாட்டினார். ஷூக்கள் துணிப்பைக்குள் போயின.

“இப்ப என்ன அவசரம்?” என்று கேட்டாள் சில்லறை.

அவசரம் இருந்தது. ஆட்டக்காரர்கள் அணி மாறுவதற்கான பதிவு அன்று மாலை ஆறு மணியோடு முடிகிறது. பக்கத்து ஊரின் சின்ன அணியில் பயிற்சியாளராக இருப்பவர் சுவருடைய பழைய நண்பர். கால் நன்றாக இருக்கிறது என்று கண்ணால் பார்த்தால் போதும், இரண்டு வருஷத்துக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். பதிவு அலுவலகத்தில் காகிதங்களோடு உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அணியின் மருத்துவக் கோப்பில் கிழிந்த முட்டியின் ஸ்கேன் படம் இருக்கிறது. லீக்கின் டாக்டரே பார்த்து ஒப்புக்கொண்ட படம். சுவரோ கேட்டால் பதிலே சொல்வதில்லை.

“அவருக்கு முப்பத்தொண்ணு சார். இந்த வருஷம் போச்சுன்னா, முட்டி போனவன்ங்கற பேரோட அடுத்த வருஷம் யாரு எடுப்பாங்க? அவருக்கு வேற வேலை எதுவும் தெரியாது. கால் போயிருந்தா சொல்லிடுங்க, அழுதுட்டு எந்திரிச்சுடுவேன். போகலைன்னா ஆறு மணிக்குள்ள எனக்கு அத்தாட்சி வேணும். எனக்கு ரெண்டு மணி ஷிஃப்ட். கம்பெனிக்கே வந்துடுங்க.”

அவள் போனதும் சில்லறை கேட்டாள்: “நல்ல காலை எதுக்கு சார் உடைஞ்ச கால்னு சொல்லணும்? உடைஞ்சதை நல்லதுன்னு விக்கறவனைத்தான் நான் பாத்திருக்கேன்.”

“லீக்ல சம்பளத்துக்கு ஒரு உச்சவரம்பு இருக்கு. ஒரு டீம் எல்லாருக்குமாச் சேத்து இவ்வளவுதான் கொடுக்கலாம். அதுக்கு மேல ஒரு ரூபா கூடாது.”

“நாப்பது சீட்டு, நின்னுக்கிட்டு வர அனுமதி இல்ல.”

“அதேதான். ஆனா சீசன் முழுக்க ஆட முடியாதவனோட சம்பளம் அந்தக் கணக்குல சேராது.”

சில்லறை கொஞ்சம் யோசித்தாள். “ஆஸ்பத்திரியில இருக்கறவன் சீட்டைக் காலின்னு எழுதிட்டு வேற ஆளை ஏத்திக்கலாம்.”

“ஏத்திக்கிட்டாங்க. முட்டி போன மறுவாரமே மின்னல்னு ஒருத்தனை வாங்கினாங்க. லீக்லயே பெரிய சம்பளம்.”

“அப்ப இவர் எங்க உக்காந்திருக்கார்? பஸ் கூரை மேலயா?”

“அதைத்தான் பாக்கப் போறோம்.”

---

மத்தியானம் ஒரு மணிக்குச் சுவர் வீட்டிலிருந்து வெளியே வந்தார். பெயருக்கேற்ற உடம்பு. இடது கையில் ஊன்றுகோல், தோளில் பை. நொண்டல் பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தது. பஸ்ஸில் ஏறினார். சில்லறையும் அதே பஸ்ஸில் ஏறினாள். தராசு தன் பழைய காரில் பின்னால் வந்தார்.

நாலாவது நிறுத்தத்தில் சில்லறையிடமிருந்து போன் வந்தது.

“சார், கால் நல்லாத்தான் இருக்கு.”

“அதுக்குள்ள எப்படித் தெரியும்?”

“டிரைவர் பிரேக் போட்டார். எல்லாரும் சாஞ்சாங்க. கட்டை வச்சிருக்கறவன் அந்த நேரத்துல கட்டையை இறுக்கிப் புடிப்பான் சார், ஆறு வருஷமா பாத்திருக்கேன். இவர் கட்டையைத் தூக்கிட்டார். பக்கத்துல இருந்த அம்மா கால்ல பட்டுடப் போகுதுன்னு. கால் போனவன் தன் காலைக் காப்பாத்துவான். இவர் அடுத்தவங்க காலைக் காப்பாத்தறார்.”

மருத்துவமனை நிறுத்தத்தில் சுவர் இறங்கவில்லை. அதற்கடுத்ததில் இறங்கினார். அங்கே ஐந்து மாடியில் கார் நிறுத்தும் கட்டடம் இருந்தது. மேல்தளத்துக்குக் கூரை கிடையாது. வெயில் காலத்தில் அங்கே யாரும் வண்டி விடுவதில்லை. படிக்கட்டின் கடைசித் திருப்பத்தில் நின்று தராசுவும் சில்லறையும் எட்டிப் பார்த்தார்கள்.

ஊன்றுகோல் ஒரு தூணில் சாய்ந்திருந்தது. சுவர் ஓடிக்கொண்டிருந்தார். கார்கள் ஏறும் சரிவில் கீழே இறங்கினார், மேலே ஏறினார். பிறகு பையிலிருந்து பந்தை எடுத்து மதில்மேல் அடித்தார். திரும்பி வந்த பந்தை இடது காலில் நிறுத்தினார். மறுபடி அடித்தார். எதிரில் ஆள் இருப்பதாக நினைத்து ஒதுங்கினார், மறித்தார், பறித்தார். வராத ஆளோடு முக்கால் மணி நேரம் ஆடினார். பந்து ஒருமுறைகூட அவரைத் தாண்டவில்லை.

சில்லறை போனில் படம் பிடித்து முடித்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“முடிஞ்சது சார். மணி மூணு. இப்பவே அனுப்பினா அந்தக் கோச் வந்து தூக்கிட்டுப் போயிடுவார்.”

“அனுப்பாத.”

“ஏன்?”

“கால் நல்லா இருக்கு. ஆனா கோப்புல கிழிஞ்ச முட்டி இருக்கு. லீக் டாக்டரே பாத்த படம். அப்ப கிழிஞ்சது யாரோட முட்டி?”

“அது யாரோடதா இருந்தா நமக்கென்ன?”

“டிக்கெட்டைக் கிழிச்சுக் கொடுத்துட்டா திரும்ப ஒட்ட முடியுமா? வா, கேட்டுட்டு வரலாம்.”

சுவர் அவர்களைப் பார்த்ததும் தூணை நோக்கி இரண்டடி வைத்தார். பிறகு, இனி எதற்கு என்று தோன்றியதுபோல் நின்றுவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தராசு தான் யார், யார் அனுப்பி வந்தேன் என்பதைச் சொன்னார்.

“அவ எப்படிக் கண்டுபிடிச்சா?”

“ரப்பர் தேயல.”

சுவர் ஊன்றுகோலைப் பார்த்தார். “அஞ்சு மாசமா நொண்டிப் பழகினேன் சார். கண்ணாடி முன்னாடி. தூங்கறப்போகூட இடது காலை நீட்டிப் படுக்கப் பழகினேன். ரப்பரை மறந்துட்டேன்.”

“சோல் பாக்கறவங்களைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு ஷூ விஷயத்துல பொய் சொல்லலாமாண்ணே,” என்றாள் சில்லறை. “பேங்க் மேனேஜர் வீட்டுல கள்ள நோட்டு மாத்தின கதையா இருக்கு.”

அவர் சிரிக்க முயன்றார். மூவரும் மதிலின் நிழலில் உட்கார்ந்தார்கள்.

“உச்சவரம்பு வந்தப்போ நாங்க எல்லாரும் சந்தோஷப்பட்டோம்,” என்றார் சுவர். “பணக்கார டீம் எல்லா நல்ல ஆட்டக்காரனையும் அள்ளிட்டுப் போகாது, சின்ன டீமும் ஜெயிக்கும்னாங்க. பொய் இல்ல, ஜெயிச்சாங்க. மூணு வருஷத்துல மூணு டீம். ஆனா பெரிய ஆட்டக்காரனுக்கு அவன் கேக்கறதைக் கொடுத்தாதான் கூட்டம் வரும், அதைக் குறைக்க முடியாது. கடைசியில இருக்கறவனுக்குக் குறைஞ்சபட்சம்னு ஒண்ணு இருக்கு, அதையும் குறைக்க முடியாது. அப்ப எதைக் குறைப்பாங்க? நடுவுல இருக்கறவனை. என்னை மாதிரி எட்டுப் பேர் இருந்தோம். இப்ப நான் ஒருத்தன்தான்.”

“நீங்களும் இல்ல,” என்றார் தராசு.

“ஆமா. நானும் இல்ல.”

“உங்க டீம் மானேஜர் சொல்லி ஒத்துக்கிட்டீங்க. புரியுது. இன்னிக்கு வெளிய வந்துடலாமே. பக்கத்து ஊர் டீம் கூப்பிடுது. நல்லாயிடுச்சுன்னு சொல்லிட்டுப் போயிடுங்க.”

“முடியாது சார். புது டீம்ல சேரும்போது புதுசா முட்டியைப் படம் எடுப்பாங்க. அது லீக் ஆபீசுக்குப் போகும். பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வைப்பாங்க. அந்தக் கிழிசல் அஞ்சு மாசத்துல தானா ஆறாது. என்னை விசாரிப்பாங்க.”

“ரெண்டு வருஷம் ஆடக்கூடாதும்பாங்க. ஆடாம இருக்கறது உங்களுக்குப் புதுசா? உண்மையைச் சொல்லிட்டா தண்டனை குறையும். யாரோட படம்னு சொல்லிடுங்க.”

சுவர் பந்தைக் கைகளில் உருட்டிக்கொண்டிருந்தார். வெயில் நகர்ந்து அவர்கள் கால்களைத் தொட்டது. சில்லறை தன் பக்கத்திலிருந்த துணிப்பையை நிழலுக்கு இழுத்தாள். பை சரிந்து ஒரு ஷூ வெளியே விழுந்தது.

சுவரின் கைகள் நின்றன. பந்து உருண்டு தூணில் முட்டி நின்றது.

“அது எதுக்கு உங்ககிட்ட?”

தன் ஷூவைப் பார்த்து அவர் பதறியிருந்தால் தராசு கவனித்திருக்க மாட்டார். அது மைத்துனனின் ஷூ.

தராசு அதை எடுத்துக் கவிழ்த்தார். பாதிகூடத் தேயாத இடது அடி. பிறகு பைக்குள் கைவிட்டு அதன் ஜோடியை எடுத்தார். வழுக்கையான வலது அடி. இரண்டையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“ஏம்மா சில்லறை. ஒரு ஆட்டத்துல ஒருத்தன் பந்தை எத்தனை தடவை உதைப்பான்?”

“நாப்பது? அம்பது?”

“எத்தனை அடி ஓடுவான்?”

“அது பத்தாயிரம் இருக்கும்.” சொல்லிவிட்டு அவள் நிறுத்தினாள். ஷூக்களைப் பார்த்தாள். “அம்பது உதைக்காக ஒரு சோல் இப்படித் தேயாது சார்.”

“தேயாது. ரோட்டுல ஓடற ஷூ இது. இதைப் போட்டுக்கிட்டு யாரும் பந்து அடிக்கறதுகூட இல்ல. இந்தப் பையன் அஞ்சு மாசமா இடது காலைத் தரையில முழுசா ஊன்றவே இல்ல. எண்ணூறு ஜோடி பாக்கற கண்ணு தம்பியோட சோலை மட்டும் பாசத்தால பாத்திருக்கு.”

சுவர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

“அவனுக்குத்தான் கிழிஞ்சது,” என்றார் தரையைப் பார்த்தபடி. “பயிற்சியில. மானேஜர் என்னைக் கூப்பிட்டார். இவனோட சம்பளம் குறைஞ்சபட்சம், இவனை நோயாளிப் பட்டியல்ல போட்டா எங்களுக்கு என்ன மிஞ்சும், வெளிய அனுப்பறதைத் தவிர வழியில்லன்னார். அப்புறம் அவரே சொன்னார், ஒரு வழி இருக்குன்னு.”

“சின்னச் சம்பளக்காரனுக்கு வந்த நோய் வீணாப் போகக்கூடாதுன்னு பெரிய சம்பளக்காரன் பேர்ல எழுதிட்டாங்க,” என்றாள் சில்லறை. வழக்கமாக அவள் பேச்சில் இருக்கும் துள்ளல் அதில் இல்லை.

“படம் என் பேர்ல போச்சு. மின்னலுக்கு எடம் வந்துச்சு. பையனுக்கு வலி தெரியாம ஊசி போட்டு ஆட்டத்துல இறக்கறாங்க. சீசன் முடிஞ்சதும் ஆபரேஷன் பண்ணி, இன்னும் ஒரு வருஷம் வச்சுக்கறோம்னு சொல்லியிருக்காங்க.”

“எழுத்துலயா?”

“வாய் வார்த்தைதான்.”

தராசில் வைக்க அதில் எடையே இல்லை.

“சார், அவங்க அம்மா போனதுக்கப்புறம் அவதான் தம்பியை வளத்தா. அவன் ஆறாவது படிக்கறப்போ எங்களுக்குக் கல்யாணம். கல்யாணப் பேச்சுலயே, தம்பி என்கூடத்தான் இருப்பான்னு சொன்னவ. இப்ப நான் வெளிய வந்தா ரெண்டே நாள்ல அவன் முட்டியைக் கண்டுபிடிச்சிடுவாங்க. ஆபரேஷனும் இல்ல, டீமும் இல்ல, இருபத்திரண்டு வயசுல ஏமாத்துக்காரன்னு பேர். இதை அவகிட்ட சொன்னா புருஷனா தம்பியான்னு அவ ஒண்ணைச் சொல்லியாகணும். அந்தக் கேள்வியை நான் அவகிட்ட கேக்க மாட்டேன்.”

“அவங்களே வந்து கையெழுத்துப் போடுங்கன்னா?”

“போட்டுடுவேன். அதனாலதான் அவ கேக்கக்கூடாது. முட்டி போனது உண்மைன்னு சொல்லிடுங்க சார். நீங்க சொன்னா நம்புவா.”

அவர் எழுந்து போய் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டார். படியிறங்கும்போது பார்க்க யாருமே இல்லை. ஆனாலும் நொண்டிக்கொண்டே இறங்கினார்.

---

ஷூ கம்பெனிக்குப் போகும் வழியில் சிக்னலில் நின்றபோது சில்லறை கேட்டாள்.

“என்ன சொல்லப் போறீங்க?”

“முட்டி போனது உண்மைன்னு.”

“கட்சிக்காரங்ககிட்ட நீங்க பொய் சொல்லி நான் பாத்ததில்ல சார்.”

“முட்டி போனது உண்மைதானே. யாரோடதுன்னுதான் சொல்லப் போறதில்ல.”

“இதுக்கு எங்க டிப்போவுல வேற பேர் வச்சிருந்தாங்க.”

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து இருபது. நீளமான கூடம். பசை வாடை. வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றின் மேலும் தொங்கும், கண் கூசும் வெள்ளை ட்யூப்லைட். சுவரின் மனைவி கடைசி மேசையில் இருந்தாள். அவர்களைக் கண்டதும் கையிலிருந்த ஷூவைக் கீழே வைத்தாள்.

தராசு நின்றபடியே சொன்னார். முட்டி போனது உண்மை. ரப்பர் தேயாததற்குக் காரணம், அவர் அதிகம் நடக்காததுதான். பஸ்ஸில் போகிறார், உட்கார்ந்திருக்கிறார், திரும்பி வருகிறார். ஷூ தேய்ந்தது சிகிச்சைக்காக மெஷினில் நடக்க வைப்பதால். காரில் வரும்போது ஒவ்வொன்றையும் யோசித்து வைத்திருந்தார்.

அவள் கடைசிவரை கேட்டாள். “சரி சார்,” என்றாள். கண் நிறைந்து, வடியாமல் நின்றது. “பையைக் கொடுங்க.”

பையிலிருந்து ஷூக்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். இழுப்பறையில் போடத்தான் எடுத்தாள். ஆனால் பதினாறு வருஷப் பழக்கம். கை தானாகவே கவிழ்த்தது, கட்டைவிரல் தானாகவே சோலின்மேல் ஓடியது. கணவனின் வலது, கணவனின் இடது. தம்பியின் வலது. தம்பியின் இடது.

கட்டைவிரல் நின்றது. திரும்பப் போய் மறுபடி வந்தது. அவள் ட்யூப்லைட்டைக் கீழே இழுத்தாள்.

“வீட்டுல மஞ்ச பல்பு,” என்றாள், யாரிடமும் இல்லாமல்.

சில்லறை தராசுவைப் பார்த்தாள். அவர் ட்யூப்லைட்டைப் பார்த்தார்.

“குதிங்கால் தரையில படவே இல்ல. முன்பக்க விரல் மட்டும் பட்டிருக்கு.” அவள் குரல் வேலை நேரக் குரலாக இருந்தது. “எத்தனை மாசமா சார்?”

“அஞ்சு.”

அவள் கணவனின் ஷூவை ஒரு கையிலும் தம்பியின் ஷூவை ஒரு கையிலும் எடுத்தாள். எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது, அவள் அவற்றை எவ்வளவு மெதுவாகக் கீழே வைத்தாள் என்பதிலேயே தெரிந்தது.

மேசைமேல் அவள் போன் அதிர்ந்தது. பயிற்சியாளர். சோல்களுக்கு நடுவே அது தன்னைத்தானே சுற்றிக்கொண்டு அதிர்ந்து ஓய்ந்தது. மணி ஐந்து நாற்பது.

“அவர் ஓடறதைப் படம் புடிச்சீங்களா?” என்று சில்லறையிடம் கேட்டாள்.

“ஆமாக்கா.”

“காட்டுங்க.”

முழுதும் பார்த்தாள். சரிவில் இறங்குவது, ஏறுவது, மதிலில் அடித்த பந்து திரும்பி வந்து இடது காலில் நிற்பது.

“நல்லா ஓடறார்,” என்றாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். “அழிச்சிடுங்க.”

“அம்மா,” என்றார் தராசு. “இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. உங்க தம்பி இப்படியே ஆடினா அந்த முட்டி மிஞ்சாது. சீசன் முடிஞ்சதும் ஆபரேஷன் பண்றோம்னு டீம்ல சொன்னது வெறும் வாய் வார்த்தை. ரெண்டு பேர் ஆட்டமும் போயிடும்.”

“தெரியும் சார்.”

“அந்த வார்த்தையை நம்பறீங்களா?”

“இல்ல.” அவள் தம்பியின் இடது ஷூவை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “ஆனா இப்ப சொன்னா இன்னிக்கே போகும். சொல்லலைன்னா சீசன் முடிஞ்சு போகும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் சாயங்காலம் வீட்டுக்கு வருவாங்க. எனக்கு யாரை அனுப்பச் சொல்றீங்க?”



கூடத்தின் மூலையில், சோலின் ஓரத்தைச் சீவி வழவழப்பாக்கும் தேய்ப்பு மெஷின் இருந்தது. அவள் அதை ஓடவிட்டாள். தம்பியின் இடது ஷூவைச் சுற்றும் பட்டையில் பிடித்தாள். கறுப்புத் தூள் பறந்தது. நிறுத்தி, வலது ஷூவோடு ஒப்பிட்டுப் பார்த்து, மறுபடி பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் இரண்டும் ஒரே மாதிரி வழுக்கையாகிவிட்டன. இந்தக் காலுக்கு எந்த நோயும் இல்லை என்று எந்த டாக்டரும் சொல்லக்கூடிய ஜோடி.

பிறகு தராசுவை நோக்கிக் கையை நீட்டினாள். அவர் சட்டைப்பையிலிருந்து ரப்பர் மூடியை எடுத்துக் கொடுத்தார்.

“இடது கால் போனவன் வெளிப்பக்கமாச் சாஞ்சு ஊன்றுவான்,” என்றாள். “பின் ஓரம்தான் முதல்ல போகும். அப்புறம் நடு. முன் ஓரம் கடைசி வரைக்கும் புதுசா இருக்கும்.”

அப்படியே தேய்த்தாள். அவசரப்படவில்லை. போன் இன்னொரு தடவை அதிர்ந்தது. யாரும் எடுக்கவில்லை. கூடத்துக் கடிகாரம் ஆறைத் தொட்டபோது மெஷினை நிறுத்தித் தூளை ஊதினாள்.

ரப்பரை ட்யூப்லைட்டுக்கு அடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஐந்து மாதம் நொண்டியவனுடைய ரப்பர். ஒரு குறையும் இல்லை. கை பழக்கத்தில் சாக்பீஸை எடுத்து, சரி என்று அதன்மேல் ஒரு கோடு போட்டது.

அவள் அதைக் கட்டைவிரலால் அழித்துவிட்டு, ரப்பரைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தாள்.